செத்த காலேஜுக்கு உயிர் கொடுப்பது யார்?

பட்டணத்துக்குப் போய்விட்டு வந்த பிள்ளையிடம், "மியூசியத்தில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டால், "எல்லாம் பார்த்தேன்" என்று சொல்லும். "எல்லாம் என்றால் என்னென்ன?" என்று இன்னொரு கேள்வி போட்டால் விழிக்கும்.

இது பிள்ளையின் குற்றம் அல்ல. அழைத்துப் போன பெரியவர்களின் அவசரம்.

திருத்தணியை அடுத்து, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது அம்மையார்குப்பம். நெசவாளர் ஊர். அங்கிருந்து ஒரு குடும்பம் சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போவது லேசான காரியம் அல்ல. பொழுது விடியும்போதே பஸ் ஏறி திருத்தணிக்கு வரவேண்டும். அங்கே ரெயில் ஏறினால் அரக்கோணம், திருவாலங்காடு, திருவள்ளூர் என்று 2 மணி நேரத்துக்கு மேல் பயணம். சென்னையில் இறங்கி மறுபடியும் பஸ். அன்று தறி நிற்கும். தறி நின்றால் கூலியும் நிற்கும்.

அதனால்தான் தகப்பனார் நினைக்கிறார்: "வந்ததோ வந்தோம், ஒன்றையும் விடக்கூடாது." காலையில் மியூசியம், மதியம் கடற்கரை, மாலையில் கடைத்தெரு. பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறார். சின்னது அழுகிறது. நடுப்பிள்ளை தண்ணீர் கேட்கிறது. பெரியது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது. தாயார் தலைவலியோடு ஊர் திரும்புகிறார்.

செலவும் ஆயிற்று, கூலியும் போயிற்று. பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன? கால் வலிதான்.

46 கூடங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 6 கட்டிடங்கள் இருக்கின்றன. அவற்றில் 46 காட்சிக் கூடங்கள். ஒரு கூடத்துக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 230 நிமிடம் ஆகும். அதாவது, உட்காராமல், தண்ணீர் குடிக்காமல், ஏறக்குறைய 4 மணி நேரம் நடக்க வேண்டும். 4 வயதுக் குழந்தையால் அது முடியுமா? பெரியவர்களாலேயே முடியாது.

திருத்தணி மலைக்குப் படி ஏறுகிறவர்கள் 365 படிகளையும் ஓடியா ஏறுகிறார்கள்? குழந்தை உட்கார்ந்தால் தாயும் உட்காருகிறாள். கிழவி மூச்சு வாங்கினால் எல்லோரும் நிற்கிறார்கள். அவ்வளவு படியும் ஏறுவது ஒரு தரிசனத்துக்காக! "ஒன்றுதானே பார்த்தோம்" என்று யாரும் குறைப்படுவது இல்லை.

மியூசியத்துக்கும் அந்தப் பொறுமை வேண்டும். ஒரு நாளைக்கு 3 கூடங்கள் போதும். ஒரு பிள்ளைக்கு ஒரு பொருள் மனதில் தங்கினால் போதும். மற்றவை எங்கேயும் ஓடிப் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும்.

"செத்த காலேஜ்"

சென்னைப் பட்டணத்து மக்கள் அந்தக் காலத்தில் மியூசியத்துக்கு ஒரு வேடிக்கையான பெயர் வைத்திருந்தார்கள். "செத்த காலேஜ்" என்பது அந்தப் பெயர். மிருகக்காட்சி சாலைக்கு "உயிர்க் காலேஜ்" என்று பெயர்!

இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த பிள்ளைகள்தான். 1851-ம் ஆண்டில் மியூசியம் ஆரம்பித்தபோது அதற்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். அப்போது அது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டிடத்தில் இருந்தது. 1854-ல் எழும்பூருக்கு வந்தது.

பால்ஃபர் ஒன்றைக் கவனித்தார். கல்லையும் எலும்பையும் பார்க்க வருகிற கூட்டத்தைவிட, உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் பார்க்க வருகிற கூட்டம் அதிகம். 1855-ல் மியூசியத் தோட்டத்திலேயே மிருகக்காட்சி சாலை ஒன்றைத் தொடங்கினார். பிறகு அது சென்டிரல் பக்கத்தில் உள்ள பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. 1985-ல் வண்டலூரில் புதிய உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது.

புலி போய்விட்டது. எலும்பும் கல்லும் பாடம் செய்த பறவைகளும் எழும்பூரிலேயே தங்கிவிட்டன. அவை அசையாது, கத்தாது. அவற்றைப் பேச வைக்க வேண்டியது உடன் போகும் பெரியவர்கள்தான். எதையும் பேசாமல் இழுத்துக்கொண்டு ஓடினால் அது செத்த காலேஜேதான்!

வயதுக்கு ஏற்ற தீனி

வீட்டில் சோறு ஒரே பானையில் வேகிறது. ஆனால், கைக்குழந்தைக்குக் குழைத்துத் தருகிறார்கள். பெரிய பையனுக்குத் தட்டு நிறையப் போடுகிறார்கள். மியூசியத்திலும் அப்படித்தான் பரிமாற வேண்டும்.

3 பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். பையனுக்கு வயது 4. நடுப்பெண்ணுக்கு 9. மூத்த பெண்ணுக்கு 15.

4 வயதுக் குழந்தைக்குத் தெரிந்த பொருளைக் காண்பதில்தான் சந்தோஷம். பறவைக் கூடத்தில் பெயர் தெரியாத பறவைகள் எத்தனையோ இருக்கும். குழந்தை, "காக்கா! காக்கா!" என்று கத்தும். "காக்கா பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அதட்டக்கூடாது. தினமும் பறந்து ஓடிவிடும் காக்கையை, ஒரு முழ தூரத்தில் நின்று பார்ப்பது அந்தக் குழந்தைக்கு இதுதான் முதல் தடவை. அதன் காலையும் அலகையும் நன்றாகப் பார்க்கட்டும்.

அடுத்த கேள்வியும் வரும். "ஏன் அது பறக்கலை?"

"செத்துப் போச்சு, கண்ணு. நாம கிட்ட நின்னு பார்க்கிறதுக்காகப் பத்திரமா வெச்சிருக்காங்க" என்று உள்ளதைச் சொல்லிவிடலாம். "தூங்குது" என்று பொய் சொன்னால், குழந்தை அது எழுந்திருக்கும் வரை காத்திருக்கும். எலும்புக் கூட்டைப் பார்த்துப் பயந்து அழுதால் வெளியே தூக்கி வந்துவிட வேண்டும். மர நிழலில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றைப் பிரித்தால் பயம் போய்விடும். பயந்த பிள்ளையைக் கேலி செய்தால் அது ஜென்மத்துக்கும் மியூசியம் பக்கம் தலை வைத்துப் படுக்காது.

தும்பிக்கை எங்கே?

9 வயது, எண்ணும் வயது. கேள்வி கேட்கும் வயது. அந்தப் பிள்ளைக்குக் கதை வேண்டாம். வேலை வேண்டும்.

யானையின் எலும்புக்கூட்டுக்கு முன்னால் நிறுத்தி, "இதில் தும்பிக்கை எங்கே இருக்கிறது, கண்டுபிடி" என்று கேட்கலாம். பிள்ளை சுற்றிச் சுற்றி வரும். தும்பிக்கை கிடைக்காது. காரணம், தும்பிக்கையில் எலும்பே இல்லை! அது முழுவதும் தசை. மண்டை ஓட்டின் நடுவில் ஒரு பெரிய துவாரம் இருக்கும். அது யானையின் மூக்குத் துவாரம். அதைக் கண்டுபிடித்த பிள்ளை, ஊருக்குப் போய் பத்துப் பேரிடமாவது சொல்லாமல் இருக்காது.

பறவைகளிடம் போனால் இன்னொரு வேலை. அலகைப் பார்த்து ஆகாரத்தைச் சொல்ல வேண்டும். நீண்ட ஈட்டி போன்ற கொக்கின் அலகு மீனைக் குத்திப் பிடிக்க. வளைந்து கெட்டியான கிளியின் அலகு கொட்டையை உடைக்க. கொக்கி போன்ற கழுகின் அலகு மாமிசத்தைக் கிழிக்க. நாலு பறவைகளுக்குப் பிறகு, ஐந்தாவதைப் பிள்ளையே சொல்லிவிடும்.

திமிங்கலத்தின் கை

15 வயதுப் பெண்ணுக்குக் கொஞ்சம் வெட்கம் இருக்கும். "இது சின்னப் பிள்ளைகள் பார்க்கிறது" என்று செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டே நடப்பாள். படம் போனுக்குள் போகும். மனதுக்குள் போகாது.

அவளுக்கு ஒரு பொறுப்புக் கொடுக்க வேண்டும். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பற்றித் தம்பிக்கும் தங்கைக்கும் அவள்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிடலாம்.

அந்தத் திமிங்கலம் 1874-ம் ஆண்டில் மங்களூர்க் கடற்கரையில் ஒதுங்கியது. நீளம் சுமார் 60 அடி. நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அதைப் புடவைக் கணக்கில் சொன்னால் உடனே புரியும். 6 கஜப் புடவை 18 அடி. 3 புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாக விரித்தாலும், அதற்கும் மேல் நீளும் அந்தத் திமிங்கலம்!

திமிங்கலம் மீன் அல்ல. காற்றைச் சுவாசிக்கும். குட்டி போட்டுப் பால் கொடுக்கும். அதன் துடுப்பை உற்றுப் பார்த்தால் ஓர் அதிசயம் தெரியும். துடுப்புக்குள் மேற்கை எலும்பு, முன்கை எலும்பு, மணிக்கட்டு, விரல் எலும்புகள் எல்லாம் இருக்கின்றன. மனிதன் கையிலும், பூனையின் காலிலும், வவ்வாலின் இறக்கையிலும் உள்ள அதே வரிசை. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் "அமைப்பு ஒத்த உறுப்புகள்" என்று மனப்பாடம் செய்தது இதுதான். அன்று பரீட்சைக்குப் படித்தது. இன்று கண்ணுக்கு எதிரே நிற்கிறது.

லண்டன் நகரில் 1881-ல் திறக்கப்பட்ட இயற்கை வரலாற்று மியூசியம் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான பொருள்கள் உண்டு. ஆனாலும், 2017-ல் அதன் பெரிய மண்டபத்தில் ஒரே ஒரு நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைத் தொங்கவிட்டார்கள். 1891-ல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் அது. உள்ளே வருகிற குழந்தையும் கிழவரும் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். எத்தனை இருந்தாலும், ஒன்றைத்தான் முதலில் மனதில் பதிய வைக்கவேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

"தெரியாது" என்று சொல்லலாம்

மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகத் தயங்கும் பெற்றோர் உண்டு. காரணம் செலவு மட்டும் அல்ல. "பிள்ளை ஏதாவது கேட்டால் என்ன சொல்வது? நமக்கு என்ன படிப்பு இருக்கிறது?" என்ற கூச்சம்.

இந்தக் கூச்சம் வேண்டாதது. கேட்டதற்கு எல்லாம் பதில் தெரிந்த மனிதர் யாரும் இல்லை. "எனக்குத் தெரியலைடா. அக்காவைப் படிக்கச் சொல்லு, ரெண்டு பேரும் கேட்போம்" என்று தகப்பனார் சொன்னால் அவர் மதிப்புக் குறைந்துவிடாது. தெரியாததைத் தெரிந்துகொள்வது எப்படி என்று அவர் அந்த நிமிடத்தில் பிள்ளைக்குக் காட்டிக் கொடுக்கிறார். வாயில் வந்த பதிலைச் சொல்லி அடக்குவதுதான் தவறு.

அதுமட்டும் அல்ல. படிக்காத தகப்பனாருக்கும் தெரிந்தது ஏராளம். ரெயில் ஜன்னல் வழியாகப் பார்த்தால், கிணற்றோரத்து ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குவது தெரியும். அதைப் பற்றிச் சொல்ல நெசவாளரைவிடத் தகுந்தவர் யார்? புல்லையும் ஓலையையும் நாராகக் கிழித்து, மேலே விட்டு, கீழே வாங்கி, முடிச்சுப் போட்டு இழுக்கிறது அந்தக் குருவி. பாவும் இல்லை, தறியும் இல்லை. ஆண் குருவிதான் கூடு பின்னும். பாதி முடிந்ததும் பெண் குருவி வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் குடிவரும். பிடிக்காவிட்டால் ஆண் குருவியின் உழைப்பு வீண்! இழை சரியில்லை என்று புடவையைத் திருப்பி அனுப்பும் வியாபாரியை அறிந்தவர்களுக்கு, அந்தக் குருவியின் வேதனை நன்றாகப் புரியும்.

ரெயிலிலேயே பாடம் தொடங்கிவிட்டது. இனி எழும்பூரில் பாடம் செய்த பறவையைப் பார்க்கும்போது பிள்ளை சும்மா நடந்து போகாது. "இது எப்படிக் கூடு கட்டும்?" என்று கேட்கும்.

சொந்த ஆற்றங்கரை

பள்ளிப்பட்டு வழியாக வந்து பூண்டி ஏரிக்குப் போகும் கொசஸ்தலை ஆறு, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பல மாதங்கள் வெறும் மணல்தான். வெள்ளம் வந்தால் பாலம் முழுகும்.

அந்த ஆற்றுப் படுகையில், பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் என்ற சிற்றூர் இருக்கிறது. 1863-ம் ஆண்டு செப்டம்பரில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அங்கே கல்லால் செய்த ஆயுதங்களைக் கண்டெடுத்தார்கள். அதே ஆண்டு மே 30-ந் தேதி பல்லாவரத்தில் ஒரு கல் ஆயுதத்தை ஃபூட் கண்டெடுத்திருந்தார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று உலகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகுதான்.

அத்திரம்பாக்கத்து ஆயுதங்களுக்கு என்ன வயது? சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அங்கே பல ஆண்டுகள் தோண்டி ஆராய்ந்தார்கள். மிகப் பழையவற்றுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அன்று தமிழும் இல்லை, தெலுங்கும் இல்லை. எல்லையும் இல்லை. கல்லைக் கல்லால் தட்டிக் கூராக்கத் தெரிந்த ஒரு கை மட்டும் இருந்தது.

ஃபூட் தம் வாழ்நாளில் சேர்த்த கற்கருவிகளை 1904-ல் சென்னை அரசாங்கம் எழும்பூர் மியூசியத்துக்காக வாங்கியது. வரலாற்றுக்கு முந்திய காலப் பொருள்களின் முன்னால் நிற்கும்போது, "இப்படிப்பட்ட கல் நம்ம ஆத்தங்கரையிலும் கிடைச்சுது" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பிள்ளையின் கண் விரியும். மியூசியம் என்பது பட்டணத்துக்காரர்களின் சொத்து அல்ல, தன் ஊர்ச் சொத்தும் அதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும்.

சென்னை வரை போக முடியாதவர்கள், பூண்டியிலேயே தொல்லியல் துறை 1985-ல் அமைத்த அகழ்வைப்பகத்துக்குப் போகலாம்.

ஆயாவையும் விட்டுவிடக்கூடாது

"கிழவிக்கு எதற்கு மியூசியம்?" என்று ஆயாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆயாவுக்கும் ஒரு பொருள் அங்கே காத்திருக்கிறது. வெண்கலச் சிலைக் கூடத்தில் இருக்கும் உலகப் புகழ் பெற்ற நடராசர், திருவாலங்காட்டு நடராசர். அன்று காலையில் ரெயில் கடந்து வந்த அதே திருவாலங்காடு! பிள்ளைகள் திமிங்கலத்தைப் பார்க்கட்டும். ஆயா நடராசரைப் பார்க்கட்டும்.

1990-களில் அறிவொளி இயக்கத்தில் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட தாய்மார்கள் பலர் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். அவர்களை அட்டைக்கு முன்னால் நிறுத்தி, பேரக் குழந்தை, "படி ஆயா" என்று சொல்ல வேண்டும். "தி... மி... ங்... க... ல... ம்" என்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் படித்து, அண்ணாந்து பார்க்கும் அந்தப் பாட்டிக்கும் அன்று பள்ளிக்கூடம்தான். அவசரப்படுத்தக்கூடாது.

பொறுப்பு பெற்றோருக்கு மட்டுமா?

இல்லை. பள்ளிக்கூடங்களுக்கும் உண்டு. நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கையைக் கட்டு, பேசாதே, நட" என்று ஒரு வாசலில் விட்டு மறு வாசலில் எடுப்பது சுற்றுலா அல்ல. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கேள்வி கொடுத்து அனுப்ப வேண்டும். வந்த பிறகு அந்தப் பத்துப் பேரும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அரசாங்கத்துக்கும் உண்டு. எந்த ஊர் மியூசியமாக இருந்தாலும், அட்டையில் தமிழ் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்கும் வாக்கியமாக இருக்க வேண்டும். சிறு பிள்ளையின் கண் உயரத்துக்கு ஒன்றிரண்டு பொருளாவது வைக்க வேண்டும். தொட்டுப் பார்ப்பதற்கு என்றே ஒரு கல்லோ, ஓர் எலும்போ தனியாக வைத்தால் இன்னும் நல்லது. குழந்தைக்குக் கையும் ஒரு கண்தான். கூடத்துக்குக் கூடம் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும்.

மற்றப் பொருள்களைத் தொடக்கூடாது என்பது சரி. கையில் உள்ள எண்ணெயும் வேர்வையும் பட்டுப்பட்டு அவை கெட்டுப் போகும். அந்தக் காரணத்தைப் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அதட்ட வேண்டிய அவசியமே இல்லை. நெய்து வைத்த பட்டில் அழுக்குக் கை படக்கூடாது என்று அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

போகும் முன்பு

வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியத்துக்கு விடுமுறை. மற்ற நாட்களில் காலையிலேயே போய்விடுவது நல்லது. கூட்டமும் குறைவு, வெயிலும் குறைவு. கடற்கரையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு கூடம் முடிந்ததும் கால் மணி நேரம் மர நிழலில் உட்கார வேண்டும். 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் மறக்காமல் கொடுக்க வேண்டும். படம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை. வரைகிற பிள்ளைதான் உற்றுப் பார்க்கிற பிள்ளை.

திரும்பும்போது ரெயிலில், "என்ன பார்த்தாய்?" என்று பரீட்சை வைக்க வேண்டாம். "மறுபடி வந்தால் எதைப் பார்க்கவேண்டும்?" என்று கேளுங்கள். சின்னவன் காக்கை என்பான். நடுப்பெண் யானை என்பாள். பெரியவள் யோசித்து, ஆற்றங்கரைக் கல் என்பாள்.

ஒரு நாள் கூலி போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் மூன்று கேள்விகள் புதிதாகக் குடிவந்திருக்கின்றன. அவற்றை வளர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. பிள்ளை கேட்கும்போது, ஓடுகிற தறியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் போதும்.